பூச்சு வேலைக்குக் கலவைப் பலகையும் கரண்டியும் தேர்ந்தெடுப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் பூச்சு வேலை தொடங்கும்போது சிமெண்டைப் பற்றியும் மணலைப் பற்றியும் நாள் கணக்கில் பேசுகிறோம். அந்தக் கலவை எதன்மேல் புரட்டப்படும், எந்தக் கரண்டியால் சுவரில் ஏறும் என்பதை வீட்டுக்காரர் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கொத்தனார் பையில் இருப்பதே கருவி, வாசலில் கிடைக்கும் தரையே பலகை என்று வேலை தொடங்கிவிடுகிறது. பிறகு சுவரில் மயிர் வெடிப்பு ஓடும்போதும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும்போதும் பழி சிமெண்டின்மேல் விழுகிறது. சிமெண்டும் சில வேளைகளில் காரணமாக இருக்கலாம். ஆனால் தண்ணீரைக் குடிக்கும் தரையில் கலந்த சாந்தை எவ்வளவு நல்ல கரண்டியாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி பலகையை முதலில் எடுத்துக்கொண்டு, கரண்டிக்கு அதன் பிறகே வருகிறது.

படி 1: சுவர் எந்த வகை என்று பாருங்கள்

புதுச்சேரியில் இரண்டு வகைச் சுவர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியிலும், அதற்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியின் திண்ணை வீடுகளிலும் பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்களைக் காணலாம். இலாசுப்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்துப் புது வீடுகளிலும், கடலூரில் திருப்பாதிரிப்புலியூரைச் சுற்றி எழும்பும் வீடுகளிலும் செங்கல், ஹாலோ பிளாக் அல்லது சாம்பல் கல்லைச் சிமெண்டில் கட்டியிருப்பார்கள். பழைய சுவரில் ஒரு மூலையைக் கத்தியால் சுரண்டினால் வெண்மையான தூள் எளிதாக உதிரும். சிமெண்டுப் பூச்சு சாம்பல் நிறத்தில் இருக்கும், கத்திக்கு லேசில் இடம் கொடுக்காது.

இந்த வேறுபாடு கருவிக்கடை வரை நம்முடன் வரும். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே வெளியேற்றிக்கொள்கிறது. அதன்மேல் இறுக்கமான சிமெண்டுப் பூச்சைப் போட்டு மூடிவிட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களுக்குள் பூச்சு பொருக்காகக் கழன்றுவிடும். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முன்முயற்சியில் புதுப்பிக்கப்பட்ட, தமிழர் பகுதியின் வைசியாள் வீதிக்கு 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அந்த வீதியில் உள்ளது போன்ற பழைய வீட்டைச் சீரமைப்பவர் சுண்ணாம்புக்கு ஏற்ற பலகையையும் கரண்டியையும் தேட வேண்டும். சிமெண்டு வேலைக்கு வாங்கியவை அங்கே பாதிக்கு மேல் உதவாது.

படி 2: ஒரு தடவைக்கு எவ்வளவு கலவை என்று கணக்கிடுங்கள்

பலகையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதைவிடக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. சாதாரண சிமெண்டின் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. கட்டுச் சாந்துக்கான ஐஎஸ் 2250 என்ற இந்தியத் தர விதி, தண்ணீர் ஊற்றிய சிமெண்டுச் சாந்தை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த 2 மணி நேரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் செய்யும் வேலைக்கு ஒரு தடவையில் அரை மூட்டை, அதாவது 25 கிலோ சிமெண்டு போதும்.

50 கிலோ மூட்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். எனவே உள்ளளவு 35, 25, 20 சென்டிமீட்டர் உள்ள ஒரு மரப்பெட்டி அரை மூட்டைச் சிமெண்டின் கொள்ளளவுக்குச் சமமாக, 17.5 லிட்டர் பிடிக்கும். உட்சுவருக்கு 1:5 விகிதம் என்றால் இந்தப் பெட்டியால் ஐந்து பெட்டி பூச்சு மணல் சேரும். சட்டிக் கணக்கில் மணல் அளப்பதை நான் விரும்புவதில்லை. ஒரே சட்டியைக் காலையில் கோபுரமாகவும் மாலையில் தலைதட்டியும் நிரப்புவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பலகைக்குச் செலவு செய்பவர் இந்தப் பெட்டியையும் அதே தச்சரிடம் அடித்துக்கொள்ளட்டும்.

சிமெண்டும் மணலும் சேர்ந்து உலர்ந்த நிலையில் 105 லிட்டர் வரும். தண்ணீர் சேர்ந்ததும் அது ஏறக்குறைய 80 லிட்டர் சாந்தாகக் குறையும். 12 மில்லிமீட்டர் கனத்தில், கல் இடுக்குகளை நிரப்புவதற்கும் கீழே சிந்துவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 50 சதுர அடி பூசலாம். ஒரு கொத்தனார் அவசரப்படாமல் அடித்து, மட்டப்பலகை இழுத்து முடிக்க இந்தப் பரப்பு சரியாக இருக்கும்.

படி 3: பலகையின் அளவை முடிவு செய்யுங்கள்

105 லிட்டர் உலர்கலவையை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். ஆனால் கலவையை ஒரே இடத்தில் கிண்டக் கூடாது. பலகையின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு மண்வெட்டியால் புரட்டி, மீண்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்து, நிறம் ஒன்றாகும் வரை உலர்நிலையிலேயே குறைந்தது மூன்று முறை புரட்ட வேண்டும். ஆகவே குவியல் பிடிக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு பரப்பு தேவை. 6 அடிக்கு 4 அடிப் பலகை 2.2 சதுர மீட்டர் வரும் என்பதால் அரை மூட்டைக்கு அது குறைந்தபட்ச அளவு. கடையில் முழுத் தகடாகக் கிடைக்கும் 8 அடிக்கு 4 அடி ஏறத்தாழ 3 சதுர மீட்டர் வரும். சித்தாள் ஓரத்தில் சிந்தாமல் வசதியாகப் புரட்டலாம். முழு மூட்டையைக் கலக்க இந்த 8 அடிப் பலகையும் போதாது. மேஸ்திரி ஒரே தடவையில் ஒரு மூட்டை கலக்கலாம் என்று சொன்னால், பலகையைக் காட்டி அரை மூட்டையோடு நிறுத்துங்கள்.

தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் ஒரு தடை உண்டு. தெருவாசலுக்கும் முற்றத்துக்கும் இடையில் உள்ள குறுகிய ரேழியில் 8 அடிப் பலகை திரும்பாது. அங்கே 4 அடிக்கு 4 அடியாக இரண்டு பலகைகளை வாங்கி, முற்றத்தில் ஒட்டிப் போட்டு, இடைவெளியின் கீழே ஒரு தகரப் பட்டையை வையுங்கள்.

படி 4: பலகையின் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் தேர்வு, சென்டரிங் வேலைக்கு விற்கும் வழவழப்பான மேல்பூச்சு கொண்ட 12 மில்லிமீட்டர் ஷட்டரிங் பிளைவுட். அதன் இரு முகங்களும் தண்ணீரைக் குடிக்காது. வெட்டிய விளிம்புகள் மட்டும் குடிக்கும். விளிம்புகளுக்கு இரண்டு கை எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் பலகை வீங்காது. மூன்று பக்கமும் இரண்டு அங்குல ரீப்பர் கட்டையை வரம்பாக வைத்து, திருகாணியைப் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். மேலிருந்து அடித்த ஆணித்தலையில் மண்வெட்டி ஒவ்வொரு முறையும் மாட்டும். நான்காவது பக்கம் திறந்திருந்தால்தான் சாந்தை வழித்துச் சட்டியில் தள்ள முடியும்.

இரும்புத் தகடு நீண்ட நாள் உழைக்கும். 1.2 மில்லிமீட்டர் கனத்தில் 8 அடிக்கு 4 அடித் தகடு ஏறத்தாழ 28 கிலோ இருக்கும் என்பதால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். நம் கடற்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். சாம்பல் நிறச் சிமெண்டுச் சாந்தில் சிறிது துரு விழுந்தால் பெரிய கேடில்லை. வெள்ளைச் சுண்ணாம்பின் கடைசிப் பூச்சில் அதே துரு மஞ்சள் கறையாகத் தெரியும். நாகத்தகடு என்றால் ஈரச் சிமெண்டின் காரம் அதன் துத்தநாகப் பூச்சை மெல்ல அரிக்கும்; வேலை முடிந்தவுடன் கழுவுபவர் மட்டும் அதை வாங்கலாம். அலுமினியத் தகடு வேண்டவே வேண்டாம். ஈரமான சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தோடு வினைபுரிந்து வாயுவை உண்டாக்கும்.

பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துக் கலப்பது இப்போது பரவலாகிவிட்டது. மண்வெட்டியின் விளிம்பு பட்டால் அது கிழிந்து, பிளாஸ்டிக் துணுக்குகள் சாந்தோடு சுவருக்குப் போகும். பலகைக்கு அடியில் தரை அழுக்காகாமல் விரிக்க அது உதவும். அதற்கு மேல் பயன்படாது. மண்தரையும் தெருவும் இன்னும் மோசம். மண் தண்ணீரை உறிஞ்சும், களியைக் கலக்கும். கடலை ஒட்டிய தெருக்களில் உப்பு மணலும் சேரும், அது பின்னால் சுவரில் உப்புப் பூக்க வழி செய்யும்.

தண்ணீர் நிற்காத பலகை என்ன செய்யும் என்பதை எந்த வேலையிடத்திலும் ஓரமாக நின்று பார்க்கலாம். கலந்த கால் மணி நேரத்தில் குவியலின் அடிப்பக்கம் வெளிறத் தொடங்கும். மண்வெட்டி அடியில் போகும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். "மேஸ்திரி, இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தட்டுமா?" என்று சித்தாள் கேட்பார், மேலே சாரத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலே ஊற்றச் சொல்வார். அந்த இரண்டாவது தண்ணீரும் அதற்குப் பின் ஊற்றும் மூன்றாவதும் சாந்தின் வலுவைக் குறைத்து, காயும்போது வெடிப்பை உண்டாக்குகின்றன. ஆகவே பலகையை வாங்கியவுடன் நடுவில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் உள்ளே இறங்கவும் கூடாது, ஒரே மூலைக்கு ஓடவும் கூடாது. ஓடினால் அடியில் செங்கல் துண்டுகளை வைத்து மட்டம் செய்யுங்கள்.

சுண்ணாம்புக்கு வேறு கணக்கு. சிமெண்டு சேராத சுண்ணாம்புச் சாந்து அரை மணியில் இறுகாது. ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் பல நாள் இருக்கும், நாளாக நாளாகக் கரண்டிக்கு இணக்கமாகும். ஆனால் அதைப் புரட்டுவதோடு நிறுத்த முடியாது. இடித்துக் குழைக்க வேண்டும். பிளைவுட் அந்த அடியைத் தாங்காது. தடித்த கடப்பைக் கல்லோ, செங்கல் பாவி மேலே வழவழப்பாகப் பூசிய மேடையோ வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் மரபுப்படி செய்பவர்கள் அவற்றை இரும்புச் சட்டியில் வைக்காமல் மண்பானையிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ வைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எவரையும் அந்த மேடைக்கு அருகே விடாதீர்கள்.

படி 5: கைப்பலகை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்துக் கொத்தனார்கள் சட்டியிலிருந்து நேராகக் கரண்டியில் அள்ளிச் சுவரில் அடிப்பவர்கள். முதல் பூச்சுக்கு அதுவே சரியான முறை. வீசி அடிக்கும் வேகத்தில்தான் சாந்து கல்லோடு பிடிக்கும். ஆனால் பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் புட்டி), ஜிப்சம், சுண்ணாம்பின் கடைசிப் பூச்சு ஆகியவற்றைத் தேய்த்து ஏற்ற வேண்டும் என்பதால் இடது கையில் ஒரு கைப்பலகை இருந்தால் வேலை சீராக நடக்கும். 30 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகாதீர்கள். அதன்மேல் 3 லிட்டர் சாந்து ஏறினாலே 6 கிலோ கனம் வந்துவிடும். 9 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் செய்தால் பலகையின் சொந்த எடை அரை கிலோ அளவில் நிற்கும். பிடி உருண்டையாக இருக்கட்டும். அது பலகையைத் தொடும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சு வளையம் மாட்டினால் பெருவிரலின் அடிப்பகுதி உரசிப் புண்ணாகாது.

படி 6: கரண்டிகளைப் பூச்சின் வரிசைப்படி தேர்ந்தெடுங்கள்

ஒரே கரண்டியால் எல்லாப் பூச்சையும் முடிப்பவர்கள் உண்டு. கைத்திறனுக்கு அது சான்றாக இருக்கலாம், சுவருக்கு நல்லதல்ல. சாந்து அடிப்பது, மட்டம் இழுப்பது, தேய்ப்பது, இழைப்பது என்ற நான்கும் தனித்தனி வேலைகள் என்பதால் அந்த வரிசையிலேயே கருவிகளைப் பார்ப்போம்.

அடிப்பதற்கு இலை வடிவில் நுனி கூர்ந்த கரண்டி, 9 அல்லது 10 அங்குல நீளத்தில் வேண்டும். இதில் பார்க்க வேண்டிய இடம், பிடியிலிருந்து வரும் கம்பி தகட்டைச் சந்திக்கும் கழுத்து. கழுத்தும் தகடும் ஒரே இரும்பில் அடித்துச் செய்த கரண்டியே நெடுநாள் நிற்கும். பற்றவைத்த கரண்டியில் வெல்டு புள்ளிபுள்ளியாக இல்லாமல் சுற்றிலும் முழுதாக ஓடியிருக்க வேண்டும். பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, தகட்டின் ஓரத்தை ஓர் ஆணியால் தட்டுங்கள். நல்ல கரண்டி மணி போல் சற்று நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் "டொக்" என்று அங்கேயே அடங்கிவிடும். பின்னர் நுனியைக் கடைத்தரையில் ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். சிறிது வளைந்து, விட்டவுடன் பழையபடி நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் அது பதம் இல்லாத இரும்பு. கடைசியாக, வேலை செய்வது போலப் பிடித்துத் தகட்டைச் சுவரோடு ஒட்ட வையுங்கள்; விரல் முட்டிகள் சுவரில் உரசினால் அந்தக் கரண்டி அந்தக் கைக்குப் பொருந்தாது. வாங்குவது வீட்டுக்காரராக இருந்தாலும் கொத்தனாரைக் கடைக்கு அழைத்துப் போவது இதற்காகத்தான்.

மட்டம் இழுக்க அலுமினியப் பெட்டிச் சட்டத்தில் செய்த 6 அடி மட்டப்பலகை போதும். ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்து, வளைவு தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். அலுமினியம் என்பதால் சாந்து காயும் முன்பே கழுவ வேண்டும்.

தேய்ப்பதற்கான மணியாசுக் கட்டைக்கு மரமே சிறந்தது. நன்றாகக் காய்ந்த தேக்கு, ஓர் அடி நீளம், நாலைந்து அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் என்ற அளவு கைக்கு அடக்கமாக இருக்கும். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் விளிம்பு சிதறும். வேலைக்கு முன் தண்ணீரில் ஊறவைத்தால் அது சாந்தின் ஈரத்தை இழுக்காது. பிளாஸ்டிக் கட்டை தேயாமல் உழைக்கும், கழுவ எளிது. ஆனால் அது மேற்பரப்பை வழவழப்பாக்கிவிடும் என்பதால், பின்னால் பட்டி பூச வேண்டிய சுவருக்கு மரம் தரும் சொரசொரப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். நாள்பட்ட கட்டையின் நடுப்பகுதி தேய்ந்து குழியும். எமரித் தாளைச் சமதரையில் விரித்து அதன்மேல் கட்டையைத் தேய்த்தால் முகம் மீண்டும் மட்டமாகும்.

இழைக்கும் செவ்வகக் கரண்டி, 11 அங்குலத்துக்கு 4½ அங்குலம் என்ற அளவில் கிடைக்கும். இதைச் சோதிக்க ஒரு எஃகு ஸ்கேலைத் தகட்டின்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு குழிந்திருக்கிறது. அது சுவரில் இரண்டு கோடுகளாக இழுத்துக்கொண்டே போகும். தகட்டின் அடிமுகத்தில் ரிவெட் உள்ள இடங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சுவரிலும் கீறல் விழும். புதுக் கரண்டியின் விளிம்பும் மூலைகளும் கத்தி போல் இருக்கும் என்பதால் மெல்லிய எமரியால் மூலைகளைச் சற்றே உருட்டி, முதலில் அடிப்பூச்சில் சில நாள் பழக்கிய பிறகு கடைசிப் பூச்சுக்கு எடுங்கள். பூச்சு வேலைக் கருவிகளுக்கென்று ஐஎஸ் 1630 என்ற தர விதியே உள்ளது. கடைக்காரரிடம் அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்ற கேள்விக்குச் சுவரே பதில் சொல்லும். சிமெண்டுக்குக் கார்பன் எஃகு போதும். விறைப்பாக நிற்கும், விலையும் குறைவு. சுண்ணாம்பு, வெள்ளைச் சிமெண்டு, ஜிப்சம் ஆகியவற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும்.

இழைப்புக் கரண்டி கைக்கு வந்துவிட்டால் எல்லாச் சுவரையும் கண்ணாடியாக்கும் ஆசை எழும். ஈரச் சிமெண்டுப் பூச்சை எஃகால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் சிமெண்டுப் பால் மேலே வந்து தனிப் படலமாகும். அந்தப் படலம்தான் காயும்போது வலை போல் வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நேரே வாங்கும் வெளிச்சுவரை மணியாசுக் கட்டையோடு நிறுத்திவிடுங்கள். சுண்ணாம்பில் நிலைமை வேறு: கட்டைவிரலை அழுத்தினால் தடம் மட்டும் பதிந்து, சாந்து விரலில் ஒட்டாத பதம் வரும்போது எஃகுக் கரண்டியை எடுத்து, அதன்பின் வழவழப்பான கூழாங்கல்லால் மெருகேற்றுவார்கள்.

மூலைக் கரண்டி உள்மூலைக்கு ஒன்றும் வெளிமூலைக்கு ஒன்றுமாக இருக்கட்டும். பழைய வீட்டின் விளிம்புகள் உருண்டையாக இருந்தால் கூர்மூலைக் கரண்டியைக் கொண்டுபோய் அவற்றைக் கெடுக்க வேண்டாம். சுவர் உச்சியில் ஓடும் கார்னிஸ் அலங்காரத்துக்குக் கடையில் கரண்டி கிடைக்காது. எஞ்சியிருக்கும் நல்ல பகுதியிலிருந்து அட்டையில் வடிவம் எடுத்து, துருப்பிடிக்காத தகட்டில் வெட்டி, மரச்சட்டத்தில் பொருத்தி இழுக்க வேண்டும். சுவிட்சுப் பெட்டியின் ஓரங்களுக்கு இரண்டு அங்குலச் சிறுகரண்டி ஒன்று போதும்.

படி 7: சிறிய இடத்தில் சோதித்துப் பாருங்கள்

கண்ணில் படாத ஒரு சுவரில் 2 அடிக்கு 2 அடி இடத்தை நனைத்து, வாங்கிய பலகையில் கலந்த சாந்தை வாங்கிய கரண்டிகளால் முழு வரிசையில் பூசிப் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தவுடன் சாந்து வழிந்தால் தண்ணீர் அதிகம். ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால் தண்ணீர் குறைவு, அல்லது தகட்டில் பழைய சாந்துப் பொருக்கு இருக்கிறது. மறுநாள் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் இல்லையென்றால் பெரிய சுவருக்குப் போகலாம்.

படி 8: கடற்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

கரண்டியில் காய்ந்த சாந்தைச் செங்கல்லில் தட்டி உதிர்க்கும் பழக்கம் தகட்டை வளைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போதே தண்ணீர் வாளியில் போட்டு, மாலையில் கழுவித் துடைத்து, எஃகின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, தரையில் போடாமல் தொங்கவிடுங்கள். மறுநாள் காலையில் அந்த எண்ணெயைத் துணியால் முழுவதும் துடைக்காமல் வேலையில் இறங்கக் கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த பூச்சு பிடிக்காது. சுண்ணாம்புக் கருவிகளையும் சிமெண்டுக் கருவிகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பலகையை வீட்டுக்காரரும் கரண்டியைக் கொத்தனாரும் வாங்குவது என்று வேலை பேசும்போதே முடிவு செய்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. கார்னிஸ் தகடு, துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி போன்ற தனித் தேவைகள் இருந்தால் அவற்றின் செலவு வீட்டுக்காரருடையது. வேலை முடிந்ததும் பலகையைக் கழுவிக் காயவைத்து, விளிம்புக்கு மீண்டும் ஒரு கை பெயிண்ட் அடித்து, ஐப்பசி பிறக்கும் முன் கூரைக்குக் கீழே செங்கல்மேல் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள்.